பெயரில்லாத மகளை வாசித்த குரல்

எங்கள் யூனிட்டில் எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் நின்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். அன்றைக்கு ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது, டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது, மெஷின்கள் மட்டும் நின்றுவிட்டன. சமையலறையில் இருந்த எனக்குச் சுரீர் என்றது. கையில் பிடித்த கரண்டியோடு பின்பக்கம் ஓடினேன். தையல் மெஷின்களில் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் காதில் இயர்போனை அழுத்திப் பிடித்தபடி துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷின் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியின் போன் ஸ்பீக்கரில் இருந்தது. அதில் ஒரு பெண் அழுதுகொண்டே பேசினாள். நான் கட்டிய நூலகம்தான் அப்படிப் பேசிக்கொண்டிருந்தது. குரலுக்குச் சொந்தக்காரி ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து, ஊசியில் நூல் கோத்த கையைக் கீழே விடாமல் உறைந்திருந்தாள்.

எப்படி அங்கே வந்து நின்றோம் என்பதை முதலிலிருந்தே சொல்கிறேன்.

நான் எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசராகக் காலம் தள்ளியவள். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்குத் தேன் ஒழுக மெயில் எழுதுவதும், பட்டன் ஏன் இன்னும் வரவில்லை என்று இங்கே தொண்டை கிழியக் கத்துவதும்தான் வேலை. என் வீட்டுக்காரர் இதே திருப்பூரில் இன்னொரு கம்பெனியில் குவாலிட்டி கன்ட்ரோலராக இருந்து ஓய்வு பெற்றார். அவர் ஓய்வு பெற்றதும் நானும் வேலையை விட்டேன். அவிநாசி ரோட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு, சில மெஷின்களை வாங்கிப் போட்டு கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறோம். மூன்று தலைமுறையாக நாங்கள் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள். சபையின் பெண்கள் சங்கத்துக்கு என்னைச் செயலாளராகப் போட்டதற்கு என் பக்தி காரணமில்லை, மைக் இல்லாமலே என் குரல் கடைசி பெஞ்ச் வரைக்கும் கேட்கும்.

எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒருமுறை பெண்கள் ஞாயிறு வரும். அன்றைக்கு மட்டும் பெண்கள் பிரசங்கம் செய்யலாம். ஒவ்வொரு வருஷமும் அதே பிரசங்கம்தான்: விடியுமுன்னே எழுந்து, நூல் நூற்று, துணி செய்து விற்று, குடும்பத்தைத் தாங்கும் குணசாலியான பெண். திருப்பூரில் வந்து இதைச் சொல்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் பாதிப் பேர் சனிக்கிழமை ஓவர்டைம் முடித்து வந்தவர்கள். இதற்கு மேல் எவ்வளவு நூற்பது?

அந்த எரிச்சலில்தான் சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். வேதத்தில் இருக்கிற பெண்கள், சபை வரலாற்றில் இருந்த பெண்கள் எல்லோரைப் பற்றியும் தமிழில் கிடைப்பதை ஒரே இடத்தில் சேர்ப்போம், போனிலேயே யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்றேன். எங்களுக்கு லேபிள் அச்சடித்துக் கொடுக்கும் கடைக்காரர் கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரிந்தவர். அவர் ஒரு இணையதளம் செய்து தந்தார். டிஜிட்டல் நூலகம் என்று பெயர் வைத்தோம். போதகர் ஜெபம் செய்து தொடங்கி வைத்தார்.

தொடங்கிய கொஞ்ச நாளிலேயே எனக்கு அதிர்ச்சி மேல் அதிர்ச்சி. பழைய மிஷன் காலத்துப் படம் ஒன்றை ஒருவர் ஸ்கேன் செய்து அனுப்பினார். வெள்ளைக்காரப் பாதிரியார் நாற்காலியில் இருக்கிறார், காலடியில் அவருடைய நாய். பின்னால் வெள்ளைச் சேலையில் இரண்டு பெண்கள், கையில் வேதப் புத்தகம். ஊர் ஊராக நடந்து, வீட்டுக்குள் அடைந்து கிடந்த பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த வேதாகம ஸ்திரீகள் என்று அவர்களைச் சொல்வோம். படத்தின் கீழே பாதிரியார் பெயர் எழுதியிருந்தது. நாயின் பெயரும் எழுதியிருந்தது. அந்தப் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. நான் படத்தைப் பெரிதாக்கி, திருப்பி, பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். நாய்க்கு இருந்த கொடுப்பினை அவர்களுக்கு இல்லை.

அடுத்து வேதப் பெண்களை ஒவ்வொருவராகப் பதிவு செய்ய உட்கார்ந்தேன். அங்கேயும் இதே கதை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய மகள், இன்னாருடைய மாமியார். பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போக மறுத்தது. லேபிள்காரரைக் கூப்பிட்டேன்.

"பேரு போடாம சேவ் ஆகாதுங்க்கா."

"பேரே இல்லீங்க தம்பி. நான் எங்க போறது?"

"அதெப்படிங்க்கா, பேரில்லாம ஆளிருக்கும்?"

பக்கத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "ஸ்டைல் நம்பர் குடுத்துரு புள்ள. பையர் பேரு வெக்காத பீசுக்கெல்லாம் நாம அப்படித்தான செய்வோம்?"

அவர் வாயில் ஒரு நாளும் நல்ல வார்த்தை வராது என்று திட்டினேன். கடைசியில் அதைத்தான் செய்தோம். பெயரில்லாத பெண் ஒன்று, பெயரில்லாத பெண் இரண்டு என்று எண் போட்டோம், அது நீண்டுகொண்டே போனது. சிறு பிள்ளையிலிருந்து வாசிக்கிற வேதம். இத்தனை பேர் இருந்ததை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

கட்டுரைகளாகப் போட்டதை யாரும் படிக்கவில்லை. பகலெல்லாம் மெஷினில் குனிந்துவிட்டு வருகிற பெண்ணுக்கு மறுபடி போனில் எழுத்தைப் பார்க்கக் கண்ணும் இல்லை, நேரமும் இல்லை. ஆனால் காது சும்மா இருக்கிறது. இயர்போன் மாட்டாத தையல்காரி இந்த ஊரில் உண்டா? அதனால் எல்லாவற்றையும் குரலாக்குவது என்று முடிவு செய்தோம். ஞாயிறு ஆராதனை முடிந்து பெண்கள் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். துணி ஸ்டோரில், பனியன் துணி ரோல்களைச் சுற்றிலும் அடுக்கி நடுவில் ஒரு ஸ்டூல் போட்டோம். ரோல்கள் சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். எந்த ஸ்டுடியோவும் தோற்றுப்போகும். ஒருத்தி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, என் போனில் தானே பதிவு செய்துவிட்டு வருவாள்.

எல்லாக் குரலிலும் நல்ல குரல் எங்கள் ஓவர்லாக்காரியின் குரல். அவள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. புருஷன் விட்டுவிட்டுப் போக, ஒரு வயதுக் கைக்குழந்தையோடு திருப்பூருக்கு வந்தவள். அந்தக் குழந்தைக்குக் கடும் காய்ச்சல் வந்தபோது, பிழைத்தால் ஊழியத்துக்கே ஒப்புக்கொடுக்கிறேன் என்று கர்த்தருக்குப் பொருத்தனை செய்தாள் என்பது எங்கள் சபைக்கே பிடித்த சாட்சி. வருஷா வருஷம் சொல்வாள். வருஷா வருஷம் கை தட்டுவோம். எங்கள் ஆட்களிடம் இது ஒரு வழக்கம். மொட்டை போடுவதும் காவடி எடுப்பதும் இல்லையே தவிர, நேர்ந்துகொள்வதில் நாங்கள் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. பிள்ளையையே நேர்ந்துவிடுவோம்.

அந்தப் பிள்ளை அப்படியே வளர்ந்தாள். பூ வைக்கமாட்டாள், பள்ளிக்கூடத்தில் ஊட்டிக்கு டூர் போனபோது போகவில்லை, சினிமாப் பாட்டு கேட்டால் காதைப் பொத்திக்கொள்வாள். "ஒப்புக்கொடுத்த புள்ள" என்றுதான் சபையில் அவளைச் சொல்வது. இந்த வருஷம் பிளஸ் டூ முடித்தாள். வடக்கே ஒரு வேதாகமப் பள்ளியில் சேர்த்து அங்கேயே ஊழியத்துக்கு அனுப்புவது என்று சபையில் முடிவாகி, வழியனுப்பும் ஆராதனைக்கு நாளும் குறித்துவிட்டார்கள். வடக்கே இருப்பவர்களில் பாதிப் பேர் நம்மூர் காம்பவுண்டுகளில் வேலைக்கு வந்து குடியிருக்க, இவளை எதற்கு ரயிலேற்றுகிறார்கள் என்று நான் கிண்டல் செய்ததுண்டு. கிண்டலோடு விட்டுவிட்டேன்.

லீவில் அவள் எங்கள் யூனிட்டில், தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டினாள். ஒரு நாள் மத்தியானம் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டாள். "பெரியம்மா, கோயமுத்தூர்ல எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கற படிப்புக்கு எனக்கு சீட் கெடச்சிருக்குங்க. அம்மாவுக்குத் தெரியாது. சாமிகிட்ட கொஞ்ச நாள் தவணை கேட்டா குடுப்பாருங்களா?"

"உனக்குப் போகோணும்னு இருக்குதா கண்ணு?"

"ராத்திரி எலும்பு படமெல்லாம் போன்ல பாத்துட்டுத்தான் தூங்கறனுங்க. ஆனா நான் செத்துப்போயிருக்க வேண்டியவளாமா. அம்மா சொன்ன வார்த்தையிலதான உசுரோட இருக்கேன்?"

ஜெபம் பண்ணு என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அந்த வாரம்தான் பெயரில்லாத பெண்களில் ஒருத்தியின் முறை வந்தது. ஒரு படைத்தலைவனின் மகள். வெறும் மகள், அவ்வளவுதான். அந்தத் தகப்பனுக்குப் பெயர் உண்டு, விசுவாச வீரர் வரிசையில் இடமும் உண்டு. மகளுக்கே பெயர் இல்லாதபோது அவன் பெயரை மட்டும் நான் எதற்கு எழுத வேண்டும்? யுத்தத்தில் ஜெயித்து வந்தால், என் வீட்டு வாசலிலிருந்து முதலில் எதிரே வருவதை உமக்குப் பலியிடுகிறேன் என்று அவன் கடவுளிடம் நேர்ந்துகொண்டான். ஜெயித்தான். வீட்டு வாசலிலிருந்து மேளம் தட்டி ஆடிக்கொண்டு முதலில் வந்தது அவனுடைய ஒரே மகள். வாயைத் திறந்து சொல்லிவிட்டேன், இனி மாற்ற முடியாது என்றான். தோழிகளோடு மலைக்குப் போய் அழுதுவிட்டு வர அவள் இரண்டு மாதம் தவணை கேட்டாள். போனாள், அழுதாள், திரும்பி வந்தாள். அவன் சொன்னபடியே செய்தான்.

அவன் வீரத்தைப் பற்றி எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறேன்! மகளைப் பற்றி ஒன்றுகூடக் கேட்டதில்லை. முழுவதையும் அன்றைக்குத்தான் நிதானமாக வாசித்தேன். வாசித்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். கடவுள் அவனை நிறுத்தவில்லையே என்பது இருக்கட்டும். அந்த ஊரில் ஒரு மனுஷர்கூடவா இல்லை?

இதை வாசிக்க யாரும் முன்வரவில்லை. "ஆகாதுங்க்கா, என்ற புள்ள நெனப்பு வருது" என்றாள் ஒருத்தி. "நல்ல பொம்பளைங்க எத்தனையோ பேரு இருக்காங்கம்மா, இது எதுக்கு?" என்றார் போதகர். கடைசியில் ஓவர்லாக்காரிதான் கையைத் தூக்கினாள். "நான் வாசிக்கேன்க்கா." அவளுக்கு அந்தக் கதை அதுவரை தெரியாது. சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அன்றைக்கு அவள் ஸ்டோரிலிருந்து வெளியே வர வெகுநேரம் ஆனது. முகம் வீங்கியிருந்தது. உள்ளே புழுக்கம் என்றாள்.

பதிவுகளைக் கேட்டுச் சரிபார்ப்பது என் வீட்டுக்காரர் பொறுப்பு. வாழ்நாளெல்லாம் சரக்கைச் சோதித்தவர் ஆயிற்றே. ஆயிரம் பீஸ் இருந்தாலும் ஒவ்வொன்றாகப் பார்க்கமாட்டார்கள். அட்டைப் பெட்டிக்கு இத்தனை என்று சிலதை உருவிப் பார்ப்பார்கள். அதில் ஓட்டை இல்லை என்றால் மொத்த லாட்டும் பாஸ். மனிதர் அதே கணக்கில் பதிவையும் பார்த்திருக்கிறார். ஆரம்பத்தில் கொஞ்சம், நடுவே எங்கோ கொஞ்சம், முடிவில் கொஞ்சம். சத்தம் தெளிவு, உச்சரிப்பு சுத்தம், பாஸ். நூலகத்தில் ஏற்றியாகிவிட்டது. யாருக்கும் அதன் நீளம் உறைக்கவில்லை.

மறுநாள் காலை டீக்கு முந்தி யூனிட்டில் மெஷின்கள் நின்றன.

போனில் என்ன கேட்டது என்பதை இனிச் சொல்லலாம். தகப்பன் வாயைத் திறந்துவிட்டேன் என்று சொல்கிற இடம் வரைக்கும் நன்றாக வாசித்தவள், நிறுத்துகிறாள். ரெக்கார்டிங்கை நிறுத்திவிட்டதாக நினைத்திருக்கிறாள், போன் திரைதான் அணைந்திருக்கிறது. ஒரு விசும்பல். பிறகு இது:

"ஆண்டவரே, எனக்கு இதுக்கு மேல வாசிக்க முடியலய்யா. அவனாவது உம்மகிட்ட சொன்னான். நான் உம்மகிட்ட ஒண்ணும் சொல்லவே இல்லையே. ஒரு பொருத்தனையும் பண்ணலையே. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது நெசம். ஆஸ்பத்திரியில ட்ரிப்ஸ் ஏத்தினாவ, சரியாப் போச்சி. சபையில எந்திச்சி நன்றின்னு சொல்லத்தான் போனேன். எல்லாரும் என் கிழிஞ்ச சேலையையே பாத்தாவ. பக்கத்துல உக்கார ஒருத்தரும் இடம் விடமாட்டாவ, பெஞ்சில அவிய பைய வச்சிருப்பாவ. அப்ப வாயில வந்திட்டு. பிள்ளைய உமக்குக் குடுத்திட்டேன்னு வாயில வந்திட்டு. எல்லாரும் கையத் தட்டினாவ. அடுத்த வாரம் பைய எடுத்திட்டு இடம் விட்டாவ. ஒரு பெஞ்சில உக்கார இடத்துக்காக எம் பிள்ளைய குடுத்திட்டேனே, எப்படிய்யா திரும்பக் கேப்பேன்..."

அதற்குப் பிறகு மூக்குச் சிந்தும் சத்தம். பிறகு அதே நல்ல குரலில், விட்ட இடத்திலிருந்து வாசிப்பு.

நான் ஓடிப்போய் அந்த ஸ்பீக்கரை அணைத்தேன். அணைத்து என்ன பயன், ஆளுக்கொரு போனில் ஓடிக்கொண்டிருந்தது. அயர்ன் போடும், தமிழ் தெரியாத ஒடிசாப் பையன்கள் என்ன ஆச்சு என்று இந்தியில் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். பிசிறு வெட்டும் மேஜையிலிருந்து மகள் எழுந்து வந்தாள். அவள் காதிலும் இயர்போன் இருந்தது. கையில் கத்தரி அப்படியே இருந்தது. அவள் அம்மாவுக்கு எதிரே வந்து நின்றாள்.

"பூ வெக்கக் கூடாதுன்னு சொன்னியே. ஏம்மா?"

அம்மா எழுந்து அவள் கையைப் பிடிக்க வந்தாள், மகள் பின்னால் நகர்ந்தாள்.

"ஊட்டிக்கு எல்லாரும் போனாங்க. நான் மட்டும் வூட்டுல ஒக்காந்து வேதத்துச் சங்கீதம் மனப்பாடம் பண்ணினேன். சின்னதா ஒரு பொய் சொன்னாக்கூட சாமி என்ற உசுர எடுத்துக்குவாருன்னு பயந்துட்டுப் படுத்திருக்கேன். பொய் சொன்னா ஆண்டவருக்குக் கோவம் வரும்னு எனக்குச் சொல்லிக் குடுத்தது யாரும்மா?"

கத்தரியை மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனாள். நான் பின்னால் ஓடி என் வீட்டுக்குள் அழைத்து வந்தேன். அன்றிலிருந்து என் வீட்டில்தான் இருந்தாள். அம்மாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

என் வீட்டுக்காரர் துணிக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். "மூணு எடத்துல எடுத்துக் கேட்டேன் புள்ள. மூணும் சுத்தமா இருந்துச்சு."

"அந்த மூணு எடத்தத் தவிர மத்த எல்லா எடத்துலயும் ஓட்டைங்க" என்றேன். அவர் தலையைத் தூக்கவில்லை. பாவமாகவும் இருந்தது, அறையலாம் போலவும் இருந்தது. பதிவை உடனே நூலகத்திலிருந்து எடுத்தோம். அதற்குள் வாட்ஸ்அப்பில் பல்லடம், குன்னத்தூர் சபைகள் வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

ஆனாலும் உள்ளுக்குள் எனக்கு ஒரு நிம்மதி. பொருத்தனையே இல்லையென்றால் கட்டுப்பாடும் இல்லை. பிள்ளை கோயமுத்தூர் போய் எலும்புப் படம் எடுக்கட்டும். இவ்வளவு லேசாக நினைத்துக்கொண்டுதான் சபைக் கமிட்டிக்குப் போனேன். அம்மாக்காரி ஒரு ஓரத்தில் நின்றாள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. எங்கள் சபை மூப்பர் ஒரு எக்ஸ்போர்ட்டர், மரியாதையான மனிதர், கோபமே வராது. அவர் மெதுவாகச் சொன்னார்.

"தனியா சொல்லலைன்னாலும் சபைக்கு முன்னால சொன்னதுங்க. ஆண்டவரு காதுல உழுந்திருக்குமில்லீங்களா? வாயத் தொறந்தாச்சுன்னா தொறந்ததுதானுங்க. வடக்க வேற எல்லா ஏற்பாடும் ஆயிப்போச்சு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் கேட்டது சரிதானா என்று போதகர் முகத்தைப் பார்த்தேன். படைத்தலைவன் சொன்ன அதே வார்த்தை. வேதத்தில் வாசித்துச் சாப்பிடாமல் எழுந்தேனே, அந்த வார்த்தை எனக்கு எதிரே டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"ஏனுங்க, அந்தப் புள்ளகிட்ட யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றேன். கத்தினேன் என்று சொல்ல வேண்டும். வெளியே ஸ்கூட்டரில் போனவர் நின்று பார்த்தார்.

"ஜெபிப்போம்மா" என்றார் போதகர். நல்ல மனிதர்தான், கமிட்டி என்றால் பயம்.

சங்கத்துப் பெண்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒருத்தி பிரியாணி கொண்டு வந்தாள், ஒருத்தி ஸ்வெட்டர் வாங்கி வந்திருந்தாள், வடக்கே குளிருமாம். பிள்ளையைக் கட்டிக்கொண்டு எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். அழுதுகொண்டே இருக்கும்போதுதான் எனக்கு அது உறைத்தது. மலைக்குக் கூடப் போன தோழிகளும் இதைத்தானே செய்தார்கள்? நன்றாக அழுதார்கள். அழுது முடித்துக் கையைப் பிடித்துத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்து விட்டார்கள்.

பிள்ளையும் அதையேதான் நினைத்திருக்கிறாள். பெண்கள் போனபிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "பெரியம்மா, அந்தக் கதையில வேண்டாம்னு ஒருத்தர் கூடச் சொல்லலீங்களா?"

"இல்ல கண்ணு. ஒருத்தர் கூட இல்ல."

அப்போது கேட்டுக்கு வெளியே அவள் அம்மா நின்றிருந்தாள். தினமும் வேலை முடிந்து அங்கே வந்து நிற்பாள், மகள் வெளியே வரமாட்டாள், கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவாள். அன்றைக்கு எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டாள். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். எதற்கு அசைக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிறைந்திருந்தது. வராதவர்கள்கூட வந்திருந்தார்கள், அத்தனை பேரும் பதிவைக் கேட்டவர்கள். மகள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் பெஞ்சின் ஓரத்தில் அவள் பை இருந்தது. விடியும்வரை அவள் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். கூப்பிட்டால் போவாயா என்று நான் கேட்டதற்கு, தெரியலீங்க என்று மட்டும் சொல்லியிருந்தாள். போதகர் வழியனுப்பும் ஜெபத்துக்காக அவளை முன்னால் வரச் சொன்னார். அவள் எழுந்திருக்கவில்லை, மறுக்கவும் இல்லை. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து கத்தத் தயாரானேன்.

அதற்குள் பின் வரிசையிலிருந்து அவள் அம்மா எழுந்து முன்னே நடந்தாள். சாட்சி சொல்ல நிற்கிற அதே இடத்தில் நின்றாள். மைக்கைக் கேட்கவில்லை. அந்தக் குரலுக்குத் தேவையும் இல்லை.

"வருஷா வருஷம் இங்க நின்னு சாட்சி சொன்னேன். அது பொய். நான் ஒரு பொருத்தனையும் பண்ணல. எல்லாரும் கேட்டிருப்பிய. அக்கா பயந்து அந்தப் பதிவ எடுத்திட்டாவ, திரும்பப் போடச் சொல்லப் போறேன்."

"உக்காருங்கம்மா" என்றார் மூப்பர்.

"உக்காருதேன் ஐயா, சொல்லிட்டு உக்காருதேன். வாயத் திறந்து குடுத்ததை வாயத் திறந்தே திரும்ப வாங்குதேன். ஆண்டவருக்குக் கோவம் வந்தா அது எம் மேல வரட்டும், எம் பிள்ள மேல வேண்டாம். அவ வடக்க போகல. திங்கக்கிழம அவ படிக்கணும்னு ஆசப்பட்ட காலேஜில போய்ச் சேருதா. அவளுக்கே வடக்க போகணும்னு தோணிச்சின்னா, அத அவ சொல்லட்டும்."

கோயமுத்தூர் சீட் பற்றி அம்மாவுக்கு யார் சொன்னது என்று மகள் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அந்த வீட்டில் இருந்தது ஒரே போன்தான். ராத்திரி ராத்திரி பிள்ளை பார்த்த எலும்புப் படங்களையும், காலேஜிலிருந்து வந்த மெசேஜையும் அம்மாவும் பார்த்திருக்க வேண்டும்.

யாரும் கை தட்டவில்லை. போதகர் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பி, பல வருஷமாகத் தான் உட்கார்கிற பெஞ்சுக்கு நடந்தாள். அவள் இடத்தில் ஒரு கைப்பை இருந்தது. அவள் எழுந்து போன அந்தக் கொஞ்ச நேரத்தில் அது எப்படி அங்கே வந்தது? பக்கத்தில் இருந்தவள் பாட்டுப் புத்தகத்தில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள். இந்தக் கதையில் எத்தனையோ முறை அதிர்ந்திருக்கிறேன், அந்தக் கைப்பையைப் பார்த்து அதிர்ந்ததுபோல் எதற்கும் இல்லை. அவள் நடைபாதையில் நின்றுவிட்டாள். உட்கார இடமில்லாமல், எல்லோரும் பார்க்க, நின்றுகொண்டிருந்தாள்.

என் பக்கத்தில் அசைவு தெரிந்தது. மகள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கோபம் தீர்ந்திருக்கவும் இல்லை, அதற்கு இன்னும் வெகுநாள் ஆனது. ஓரத்தில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, என்னை இடித்துக்கொண்டு உள்ளே நகர்ந்தாள். நானும் நகர்ந்தேன்.